பின்கழுத்தில் வைத்த குதிரைமுள்ளங்கி

1

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். தெப்ரெசென் நகரத்துக்குக் கிழக்கே, மணல்காட்டு நடுவில் இருக்கிற இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரருக்கு ‘சாப்பாடு’, ‘போதும்’, ‘வாயை மூடு’ என்று மூன்று சொல் தெரியும். அதை வைத்துக்கொண்டு அவர் இந்தக் கதைக்குள் நுழைய முடியாது.

கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஒரு கொப்புளம். சரியாகச் சொன்னால் மூன்று கொப்புளம், ஒரு அறுபத்தோரு வயது ஆளின் பின்கழுத்தில். ஊர் நர்சாக இருபத்திரண்டு வருஷமாக வீடுவீடாகப் போகிறவள் நான். கொப்புளத்துக்கு மருந்து போட்டோமா, வந்தோமா என்று இருந்திருக்கலாம். அந்த ஆள் ஏன் பொய் சொன்னார் என்று யோசிக்கத் தொடங்கியதுதான் வினை.

அவர் பெயரைக் கால்மான் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனைவி ஆரான்கா. இரண்டும் நான் வைத்த பெயர்கள்.

2

முதல் தொடக்கம்: “குதிரைமுள்ளங்கி வேரைத் துருவும்போது அழாதவர் எவரும்

(வேண்டாம். பாடப்புத்தகம் போல இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: “கால்மான் ஒரு ரொட்டிக்கடைக்காரர். கடந்த நவம்பரில் வந்த விஷக்காய்ச்சலில் அவருடைய மூக்கு செத்துப்போனது. ரொட்டி கருகும் வாசனைகூடத் தெரியாமல்

இதை நான்கு பக்கம் வரை ஓட்டினேன். அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் அவரை ரொட்டிக்கடைக்காரர் ஆக்கினேன். ஐந்தாம் பக்கத்தில் கதை படுத்துவிட்டது. காரணம் எளிது. ரொட்டிக்கடைக்காரனுக்கு மூக்கு போனால் அன்றைக்கு மதியமே தெரிந்துவிடும். கால்மானுக்கோ தெரிய இரண்டு மாதம் ஆனது. ஏன் என்றால் அவர் குதிரைமுள்ளங்கி விவசாயி. செத்த மூக்கையும் இந்த வேர் கடிக்கும். வாசனை தெரியாவிட்டாலும் காரம் ஏறும், கண்ணில் தண்ணீர் கொட்டும், நடுமண்டை வரை விண்ணென்று தெறிக்கும். அவர் தினமும் வேரைத் துருவி முகர்ந்தார், தினமும் அழுதார், ‘மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது, சளிதான் கொஞ்சம் அடைத்திருக்கிறது’ என்று தினமும் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டார். உலகத்தில் வேறு எந்தப் பயிர் வைக்கிறவனும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.*

ஆகவே அவரை அவராகவே எழுதுகிறேன். சத்தியம் பாதி போனது போனதுதான்.

* நம் ஊர் முருங்கை வேரைக் கீறி முகர்ந்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட அந்தக் காரம்தான். இங்கே வந்த புதிதில் என் மாமியார் இந்த வேரைத் துருவித் தட்டில் வைத்தபோது நான் தேங்காய்ப்பூ என்று நினைத்து ஒரு கைப்பிடி வாயில் போட்டேன். அந்தக் கதையை ஊர் இன்னும் மறக்கவில்லை. எனக்கு வைத்தியம் பார்த்தவரும் அன்றைக்குச் சிரித்தார்.

3

நடந்தது ஜனவரி நடுவில். ஆரான்கா தெப்ரெசெனுக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரம். “நர்சம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. யாருக்கும் தெரிய வேணாம்” என்று போன் வந்தது. போனேன். சமையலறையில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“என்ன அண்ணே இது? எத்தனை நேரம் வச்சிருந்தீங்க?”

“ஒரு சங்கீதம்தான் நர்சம்மா.”

இதை விளக்கவேண்டும். தலைபாரத்துக்கும் மூக்கடைப்புக்கும் இந்த ஊரில் துருவிய குதிரைமுள்ளங்கியைத் துணியில் பொதிந்து பின்கழுத்தில் வைப்பார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் யாரும் நிமிஷக் கணக்கு சொல்லமாட்டார்கள். ஒரு சங்கீதம், அதாவது பைபிளில் உள்ள துதிப்பாட்டு ஒன்று, பாடி முடிக்கிற நேரம் என்பார்கள். கோயிலில் இப்போது பாடுகிற வேகத்தில் அது நாலு நிமிஷம். தோல் சிவக்கும், தலை லேசாகும், துணியை எடுத்துவிடலாம்.

“எத்தனை சரணம் பாடினீங்க?”

“முழுசும்தான். பாதியில விட்டா மரியாதையா?”

“எந்த வேகத்துல?”

“பழைய வேகத்துலதான். இப்ப பாடுறாங்களே, பஸ்ஸைப் புடிக்கப் போற மாதிரி, அதெல்லாம் ஒரு பாட்டா?”

பழைய வேகம் என்றால் ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு. மாடு அசைபோடுகிற வேகம். ஆக, இருபத்தைந்து நிமிஷம் அந்தத் துணி அங்கே இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

“எரியலையா உங்களுக்கு?”

“எரிஞ்சுச்சு. எரிய எரிய, இதோ தொறக்கப்போகுது, இதோ தொறக்கப்போகுதுன்னு நெனச்சேன்.”

“எது?”

நான் மருந்து தடவிக் கட்டுப் போட்டேன். கட்டின முடிச்சை இறுக்கும்போது தரையைப் பார்த்தபடியே சொன்னார்: “மூக்கு நர்சம்மா. நவம்பர்லேர்ந்து ஒண்ணும் தெரியல. சூப்பு, சோப்பு, பழச்சாராயம், பன்னித்தொழுவம். எல்லாம் ஒண்ணுதான்.”

பிறகு என் கையைப் பிடித்து மேசைமேல் வைத்து, ஆரான்காவிடம் மட்டுமில்லை, யாரிடமுமே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். அவர் பயத்தைப் பார்த்து எனக்கு மனசு கரைந்துவிட்டது. இல்லையென்றால் நான் அவ்வளவு சுலபமாகச் சத்தியம் செய்கிறவள் இல்லை.

4

அந்தப் பயம் ஏன் என்று சொன்னால்தான் கதை நிற்கும்.

இலையுதிர்காலத்தில் வேரைத் தோண்டி எடுத்ததும் பெரிய வேர் சந்தைக்குப் போகும். பக்கத்தில் ஓடுகிற விரல் தடிமன் வேர்களை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கட்டி, குழியில் மணலோடு அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் மூடிவிடுவார்கள். இந்த ‘விரல்’கள்தான் அடுத்த வருஷத்துக்கு விதை. மார்ச் கடைசியில் நடவு. அந்தக் குழிக்குள் ஒரு கட்டு அழுகினால் போதும், இரண்டு வாரத்தில் குழி முழுக்கப் போய்விடும். ஆகவே வாரம் ஒருமுறை நீண்ட இரும்புக் கம்பியைக் குழிக்குள் சொருகி, வெளியே இழுத்து, நுனியை முகர்ந்து பார்க்கவேண்டும். அழுகல் இருந்தால் புளித்த இனிப்பு மாதிரி ஒரு வாடை கம்பியில் ஏறியிருக்கும்.

இந்த ஊரிலேயே அந்த வாடையை முதலில் பிடிக்கிற மூக்கு கால்மானுடையது. பக்கத்து வீட்டார் மூன்று பேர் தங்கள் கம்பியையும் அவரிடம்தான் நீட்டுவார்கள். முப்பது வருஷமாக அவர் ஆரான்காவைக் கேலி செய்வார்: “உன் மூக்க, கண்ணாடி மாட்டத்தான் புள்ள ஆண்டவன் குடுத்தான்.” இப்போது அந்த ஆளுக்கு மூக்கு இல்லை. இருந்தும் நவம்பரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கம்பியை இழுத்து, கண்ணை மூடி முகர்ந்து, “நல்லாருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன் குழிக்கும், அந்த மூன்று குழிக்கும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். நானும் அகப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

5

இங்கே ஒரு கட்டுரை எழுத ஆசையாக இருக்கிறது. எழுதிவிட்டுத்தான் போவேன்.

இருமலுக்கு, வேரைத் துருவித் தேனில் ஊறவைத்து வடிகட்டின சாறு. காய்ச்சல் வந்த பிள்ளைக்கு, வேரை வட்டமாக நறுக்கி நூலில் கோத்துக் கழுத்தில் மாலை. வட்டம் காய்ந்து சுருங்கச் சுருங்கக் காய்ச்சலும் சுருங்கும் என்பார்கள். தலைவலிக்கு நெற்றியில் இலை. முழங்கால் பிடிப்புக்குச் சாராயத்தில் ஊறின வேரைத் தேய்ப்பது. ஈஸ்டர் காலையில் புகைபோட்ட பன்றித்தொடையோடு ஒரு கரண்டி தின்று அழுதுவிட்டால் அந்த வருஷம் சளி அண்டாது என்பது பாதிரியார் உட்பட எல்லாரும் நம்புகிற விஷயம்.

படித்தவள் நான். இதில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று கேட்டால் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அதை ஊர் விரும்பாது. தேன் சாறு தொண்டைக்கு இதம், சரி. மாலை பிள்ளையின் கழுத்தைப் புண்ணாக்கும், கண்ட இடத்தில் அறுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றைக் கவனித்தேன். இந்த வைத்தியம் எதையும் யாரும் தனக்குத் தானே செய்துகொள்வதில்லை. ஒருவர் துருவி அழவேண்டும், இன்னொருவர் குனிந்து உட்காரவேண்டும். பின்கழுத்தில் துணி வைத்தால் பக்கத்தில் நின்று சங்கீதம் பாடுகிறவர் வேறு ஆளாகத்தான் இருப்பார். பாடுகிறவர் தோல் சிவப்பதைப் பார்த்து நிறுத்திவிடுவார்.

கால்மான் தானே துருவி, தானே வைத்து, தானே பாடினார். அதுதான் கொப்புளம்.

(இந்தப் பத்தியை எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. பிறகு, இவ்வளவு தெரிந்த நீ அந்த மனுஷனைத் தனியாக விட்டது ஏன் என்றும் தோன்றியது.)

6

ஆரான்காவைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. கதைப் பாத்திரமாகத்தான் சொல்கிறேன். முதல் பிரதியில் அவளை எல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிற பொறுமைசாலியாக எழுதினேன். கதைகளில் மனைவிகள் அப்படித்தான் இருப்பார்கள். நிஜ ஆரான்காவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கணவன் சூப்பில் உப்பு மிளகாயை அள்ளிக் கொட்டுவதைப் பார்த்து, தன் சமையலைக் குறை சொல்லத்தான் அப்படிச் செய்கிறான் என்று முடிவு கட்டி, பத்து நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். அவளைப் பொறுமைசாலியாக்கிய பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

7

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கால்மான் என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் வெளிறியிருந்தது.

“நர்சம்மா, நான் அழுகுறேன்.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“உள்ளுக்குள்ள எனக்கு என்னமோ அழுகுது. காலையில காபியக் குடிச்சேன், டயர எரிச்ச நாத்தம். சோப்பும் அதே நாத்தம். வெங்காயம், தலையணை, ஆரான்கா தலைமுடி, எல்லாம் அதே நாத்தம். முடிஞ்சுபோச்சு எனக்கு.”

நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். இந்த ஊரில் நர்சுகள் அப்படிச் செய்வதில்லை. அவர் பயந்தே போனார்.

“அண்ணே, நாத்தம் தெரியுதா உங்களுக்கு?”

“அதைத்தானே சொல்றேன்!”

“நேத்து வரைக்கும் ஒண்ணுமே தெரியலையே!”

மூக்கு திரும்ப வரும்போது பலருக்கு முதலில் இப்படித்தான் கோணலாக வரும் என்றும், எல்லாம் ஒரே நாற்றமாக இருக்கும், பிறகு மெல்லப் பிரியலாம், பிரியாமலும் போகலாம் என்றும் நகரத்து டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். கால்மான் நம்பவில்லை.

“நல்ல சேதி இப்படியா நாறும்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

8

இனி வருவதுதான் கதை. இதுவரை எழுதியதெல்லாம் இங்கே வந்து சேரத்தான்.

அந்த வாரம் சனிக்கிழமை குளிர் மைனஸ் பதினாலு டிகிரி. கழுத்துத் தழும்பைப் பார்க்கும் சாக்கில் போயிருந்தேன். கால்மானும் ஆரான்காவும் குழி ஓரத்தில் நின்றிருந்தார்கள். அவர் பழைய துளை வழியே கம்பியைச் சொருகி இழுத்தார். முகர்ந்தார். வழக்கமான “நல்லாருக்கு” வரவில்லை. மறுபடி முகர்ந்தார்.

“அழுகுது” என்றார்.

ஆரான்கா கம்பியைப் பிடுங்கி முகர்ந்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியலையே. நர்சம்மா, நீங்க பாருங்க.”

நானும் முகர்ந்தேன். ஈர மணலும் குதிரைமுள்ளங்கியும்தான். வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

“அப்போ தொறந்துரலாமா?” என்றாள் ஆரான்கா. “இந்தக் குளிர்ல தொறந்தா மொத்தமும் உறைஞ்சு போயிருமேய்யா. உறுதியாச் சொல்லு.”

அழுகியிருந்து திறக்காவிட்டால் மார்ச் நடவு போயிற்று. அழுகாமல் இருந்து திறந்துவிட்டாலும் போயிற்று. கால்மான் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

“ஆரான்கா, என் மூக்கு நவம்பர்லயே போயிருச்சு. இத்தனை நாள் சும்மாதான் மோந்தேன். இந்த வாரம்தான் ஏதோ வந்திருக்கு. ஆனா காபியே டயர் மாதிரி நாறுது. இது அழுகலா, என் மூக்கான்னு எனக்கே தெரியல.”

ஆரான்கா அவர் பக்கம் திரும்பினாள்.

“பக்கத்து வீட்டுக் குழிக்கெல்லாமா பொய் சொன்னே?”

“ஆமா.”

“மூணுக்கும்?”

“மூணுக்கும்.”

“என் சூப்புல மொளகா கொட்டுனது?”

“ருசியே தெரியல புள்ள.”

“பத்து நாள்! பத்து நாள் நான் உன்கூடப் பேசாம செவுத்தப் பாத்துக் கெடந்தேன்! வாயத் தொறந்து சொன்னா என்ன, கிரீடம் கழண்டு விழுந்துருமா? உனக்கும் தெரியுமா நர்சம்மா இது?”

கோபத்தில் ‘நீங்க’ பறந்துவிட்டது. தெரியும் என்றேன். இரண்டு நாள் கழித்து எனக்குத் தனியாகத் திட்டு கிடைத்தது, அதை இங்கே எழுதப்போவதில்லை. வேலியைத் தாண்டி மூன்று வீட்டுக்கும் கேட்கிற குரலில் அவள் கத்தியதால், இந்த இடத்தோடு என் சத்தியமும் தீர்ந்தது. இப்போது ஊருக்கே தெரியும். இருந்தாலும் தமிழில் பாதிக்கு மேல் எழுதியாயிற்று, திரும்பிப் போக மனசில்லை.

கத்தி முடித்த ஆரான்கா கம்பியை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“மறுபடி மோந்து பாரு. நல்லா யோசிச்சுச் சொல்லு. இது காபியில வந்த அதே நாத்தமா? இல்ல வேறயா?”

கால்மான் கண்ணை மூடினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்குக் கால் விரல் மரத்துப்போனது.

“வேற” என்றார். “காபி கருகல். இது... இது வேற.”

“நெசமா?”

“வேற, ஆரான்கா. ரெண்டும் ஒண்ணு இல்ல.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து, உறைந்த மண்ணில் ஓங்கிக் குத்தினாள்.

9

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில், நடுவில் ஒரே ஒரு கட்டு அழுகியிருக்கிறது. அதை எடுத்தெறிந்து, சாக்கும் போர்வையும் கொண்டு மற்றதைக் காப்பாற்றி, மூன்று வீட்டுக் குழிக்கும் ஊர்வலமாகப் போகிறார்கள். இன்னொன்றில், ஒரு விரல்கூட அழுகவில்லை. பனி எல்லாவற்றையும் கடித்துவிடுகிறது, நடவு நேரத்தில் பக்கத்து வீட்டார் மூன்று பேரும் ஆளுக்கொரு கூடை விரல்

அதை முடிக்கவில்லை. ஏனென்றால் போன வாரம் கால்மான், நான் எழுதுவது தெரிந்து வந்து, எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க என்று உட்கார்ந்துவிட்டார். வரிவரியாக அவர் மொழியில் சொன்னேன். சங்கீதம் வரும் இடத்தில் என் கணக்கு தப்பு, இருபது நிமிஷம்தான் என்று சண்டை பிடித்தார். இரண்டு முடிவையும் கேட்டார்.

“எது நடந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே நர்சம்மா. நீங்களும் மண்ண அள்ளுனீங்களே?”

“தெரியும். எழுதட்டுமா?”

தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

“கீழ என்ன இருந்துச்சுங்கிறத எழுதுனா, படிக்கிறவங்க வேரப் பத்தித்தான் பேசுவாங்க. நான் சரியாச் சொன்னேனா தப்பாச் சொன்னேனான்னு கணக்குப் பாப்பாங்க. அவ கடப்பாரைய எடுத்தப்போ எது சரின்னு அவளுக்கு என்ன தெரியும்?”

இதற்குமேல் நான் எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. ஆகவே வாசகரே, குழியை உங்களிடம் விடுகிறேன். உள்ளே என்ன இருக்கவேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுகிறீர்களோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கோல் வரை வருகிறேன்.

மேல்மண் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் கையால் அள்ளினோம். வைக்கோல் தெரிந்ததும் ஆரான்கா முழங்காலிட்டு அதை ஒரு ஓரமாக விலக்கினாள். உள்ளேயிருந்து லேசாக ஆவி வந்தது. அவள் குனிந்து முகர்ந்து பார்க்கப்போனாள், பிறகு நிறுத்திக்கொண்டு, எழுந்து தள்ளி நின்று இடம் விட்டாள்.

“வாய்யா” என்றாள். “நீ பாத்துச் சொல்லு.”